ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏடிபி: 38 என்பதா, 32 என்பதா?

கேள்வி: காற்றுச் சுவாசத்தில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து 38 ஏடிபி (செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறு) கிடைக்கிறது என்கிறது ஒரு பாடநூல், 36 என்கிறது மற்றொன்று, புதிய நூல்களில் 32 அல்லது 30 என்று இருக்கிறது. தேர்வில் எதை எழுதுவது?

பதில்: முதலில், எல்லா நூல்களும் ஒத்துப்போகும் பகுதியைப் பிரித்துக்கொள்ளுங்கள். சைட்டோபிளாசத்தில் குளுக்கோஸ் உடையும் முதல் கட்டமான கிளைக்காலிசிஸில் நிகரமாக 2 ஏடிபி, பின்னர் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடக்கும் கிரெப்ஸ் சுழற்சியில் 2 ஏடிபி (அல்லது அதற்கு இணையான ஜிடிபி) என மொத்தம் 4 நேரடியாக உருவாகின்றன. இவற்றுடன் குளுக்கோஸிலிருந்து கழன்ற எலக்ட்ரான்களைச் சுமந்துகொண்டு 10 என்ஏடிஎச், 2 எஃப்ஏடிஎச்2 மூலக்கூறுகள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்ள எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியின் கணக்கில் சேர்கின்றன. இதுவரை கருத்து வேறுபாடே இல்லை. இந்த 12 மூலக்கூறுகளையும் ஏடிபியாக மதிப்பிடும் இடத்தில்தான் வேறுபாடு தொடங்குகிறது.

ஒரு என்ஏடிஎச்சுக்கு 3 ஏடிபி, ஒரு எஃப்ஏடிஎச்2-க்கு 2 ஏடிபி என்று முழு எண்ணில் கொண்டால் 30, 4, 4 சேர்ந்து 38 வரும். ஆனால் எலக்ட்ரான் கடத்தலில் வெளிப்படும் ஆற்றல் நேரடியாக ஏடிபியாக மாறுவதில்லை. பீட்டர் மிட்செல் 1961-இல் முன்வைத்து, 1978-இல் நோபல் பரிசு பெற்ற வேதிசவ்வூடு கோட்பாட்டின்படி, அந்த ஆற்றல் முதலில் புரோட்டான்களை உட்சவ்வுக்கு வெளிப்புறம் தள்ளுகிறது. அங்கே குவிந்த புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் நொதியின் வழியே உள்ளே திரும்பும்போது அந்நொதியின் ஒரு பகுதி உண்மையிலேயே சுழல்கிறது, ஒரு முழுச் சுற்றுக்கு 3 ஏடிபி உருவாகின்றன. அத்தனை சிறிய மூலக்கூறுக்குள் ஒரு சுழலும் அச்சு இருப்பது, எத்தனை முறை கற்பித்தாலும் எனக்கு வியப்புக் குறையாத செய்தி.

ஆகவே எண்ண வேண்டியது புரோட்டான்களை. ஒரு என்ஏடிஎச்சின் இரண்டு எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைச் சென்றடைவதற்குள் சுமார் 10 புரோட்டான்கள் வெளியே தள்ளப்படுகின்றன, எஃப்ஏடிஎச்2 என்றால் 6. ஒரு ஏடிபியை உருவாக்கவும், அதற்குரிய பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவரவும் ஏறத்தாழ 4 புரோட்டான்கள் செலவாகின்றன. வகுத்துப் பார்த்தால் ஒரு என்ஏடிஎச்சுக்கு 2.5, ஒரு எஃப்ஏடிஎச்2-க்கு 1.5 ஏடிபி என்று வரும். 25, 3, 4 சேர்ந்து 32.

36-உம் 30-உம் வேறொரு காரணத்தால் வருபவை. கிளைக்காலிசிஸில் உருவாகும் 2 என்ஏடிஎச் உட்சவ்வைக் கடக்க முடியாது, அவற்றின் எலக்ட்ரான்கள் மட்டுமே இரண்டு வழிகளில் ஒன்றால் உள்ளே மாற்றிவிடப்படுகின்றன. கல்லீரலிலும் இதயத்திலும் பெரிதும் இயங்கும் மாலேட் வழியில் இழப்பில்லை. கிளிசரால் பாஸ்பேட் வழியிலோ அவை எஃப்ஏடிஎச்2-இன் மதிப்புக்கு இறங்கிவிடுவதால் 2 ஏடிபி குறைகிறது. உயிருள்ள செல்லில் சில புரோட்டான்கள் சவ்வின் வழியே வீணே கசிவதால் உண்மையான விளைச்சல் இவற்றைவிடவும் குறைவாகவே இருக்கும்.

தேர்வில் உங்கள் பாடத்திட்ட நூலில் உள்ள எண்ணையே எழுதுங்கள். ஆனால், அது 38 ஆனாலும் 32 ஆனாலும், ஒரு என்ஏடிஎச்சுக்கு எத்தனை ஏடிபி என்று கொண்டீர்கள் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுங்கள்.