பீரோவில் பூட்டிய கைப்பேசிகள்

கேள்வி: 8 வயது மகன், 14 வயது மகள், கணவர், மாமியார், நான் என எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு திரை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருடைய கைப்பேசிகளையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். இரவு வரை யார் என்ன செய்வது என்று அட்டவணையும் எழுதி ஒட்டினேன். பதினோரு மணிக்குள் மகள் அழுதுவிட்டாள். மகன் “போரடிக்கிறது” என்று என் பின்னாலேயே சுற்றினான். கணவர் அலுவலக அழைப்பு வரும் என்று சாவியைக் கேட்டார். மாலைத் தொடரும் கிடையாதா என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மதியத்துக்குள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுபடி முயலலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தாராளமாக முயலுங்கள். ஆனால் பூட்டும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இப்படி ஒரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று நீங்கள் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. உங்கள் மகளின் இடத்திலிருந்து பாருங்கள். என்ன தவறு செய்தோம் என்றே தெரியாமல் காலையில் தண்டனை வந்து விழுந்திருக்கிறது. அந்த வயதில் தோழிகளின் பேச்சு முழுவதும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான் நடக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் காணாமல் போனால், கோபமா, சண்டையா என்று அங்கே கதை கட்டிவிடுவார்கள். ஒரு வாரம் முன்பே தேதியைப் பேசி முடிவு செய்யுங்கள். தேர்வு நெருங்கும் நாளாக இருக்க வேண்டாம். “நாளை நான் இருக்க மாட்டேன்” என்று முதல் நாள் இரவே அவள் தோழிகளிடம் சொல்லிக்கொள்ளட்டும். அழுகையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது, பலரும் கோட்டை விடுகிற இடம். கைப்பேசி ஒரே பொருள் அல்ல. மணி பார்க்க, அலாரம் வைக்க, கணக்குப் போட, டார்ச் அடிக்க, சமையல் குறிப்பு பார்க்க, பாட்டுக் கேட்க என்று வீட்டில் பத்து வேலைகளை அது பிடித்து வைத்திருக்கிறது. மணி பார்க்கத்தான் எடுப்போம். அரை மணி நேரம் கழித்து நிமிரும்போது மணி எத்தனை என்பதே நினைவில் இருக்காது. ஆகவே முதல் நாள் மாலை, அந்தப் பத்து வேலைகளையும் வேறு பொருள்களிடம் ஒப்படையுங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் புது பேட்டரி போடுங்கள். சமையல் குறிப்பைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவசியமான எண்களையும் எழுதி வையுங்கள். வீட்டில் யாருக்கும் யாருடைய எண்ணும் மனப்பாடமாக இருக்காது. முக்கியமாக, கேமராவையும் மறந்துவிடுங்கள். திரையில்லா நாளைப் படம் எடுத்து ஊருக்குக் காட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கணவரின் கவலை நியாயமானது. அதற்கு வழி கைப்பேசியிலேயே இருக்கிறது. ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்ற அமைப்பைப் போட்டு, நீங்கள் தேர்ந்தெடுக்கும் சில எண்கள் மட்டும் ஒலிக்கும்படி வைக்கலாம். ஐபோனில் ஒருவரே 3 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைத்தாலும் மணி அடிக்கும்படி செய்யலாம். ஆண்ட்ராய்டில் இந்த இடைவெளி 15 நிமிடம். அவசரமென்றால் செய்தி அனுப்பாமல் இரண்டு முறை அழைக்கும்படி அலுவலகத்தில் அவர் முன்பே சொல்லிவைத்தால் போதும். மணி அடிக்காதவரை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

கைப்பேசிகளை எங்கே வைப்பது? கூடத்து மேசையில் கவிழ்த்து வைக்காதீர்கள். வேறு அறையில் வையுங்கள். 2017இல் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், சத்தமே போடாத கைப்பேசியை எதிரே மேசையில் வைத்திருந்தவர்களைவிட, வேறு அறையில் விட்டு வந்தவர்கள் நினைவாற்றல், சிந்தனைச் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அடுத்த அறை வரை நடந்து வைப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

இப்போது அந்தப் பதினோரு மணிக்கு வருவோம். பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் பழக்கம் இறுகுகிறது என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டினார். எத்தனை கொத்துக்கு ஒரு தானியம் என்று தெரியாத புறா விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. நமக்கும் அதே கதைதான்; திறக்கிற ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது இருக்கும் என்பதில்லை, இருக்கலாம் என்பதுதான் கையை இழுக்கிறது. அதனால் முதல் சில மணி நேரம் எரிச்சல் வரும், கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். பெரியவர்களுக்கும்தான். நீங்கள் கைவிட்டது, எல்லோருக்கும் கடினமாக இருக்கிற நேரத்தில்.

மகன் “போரடிக்கிறது” என்றால் “அப்படியா” என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அவனை மகிழ்விக்கும் பொறுப்பு உங்களுடையதல்ல. அட்டவணை போட்டதும் நீங்கள் அன்றைய நாளின் மேலாளர் ஆகிவிட்டீர்கள். ஞாயிறு உங்களுக்கு மட்டும் வேலை நாளாகிவிட்டது. கூப்பிடாமலேயே கண்ணில் படும்படி சில பொருள்களைப் போட்டு வையுங்கள், அவ்வளவுதான். சீட்டுக்கட்டு, பழைய புகைப்படப் பெட்டி, காகிதம், பசை. என்னைக் கேட்டால், படத்துண்டுகளைச் சேர்க்கிற ஒரு பெரிய ஜிக்சா புதிர் எல்லாவற்றையும்விட நல்லது. யார் வேண்டுமானாலும் வந்து இரண்டு துண்டு சேர்த்துவிட்டுப் போகலாம். தோற்பவர் இல்லை, எட்டும் பதினான்கும் மோதிக்கொள்ள இடமில்லை. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி நாடு நாடாக அறுத்து இந்த மாதிரிப் புதிரைத் தந்தது பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித்தரத்தான். இதை மகனிடம் சொல்லிவிடாதீர்கள்; பாடம் என்று தெரிந்தால் பக்கத்தில் வர மாட்டான்.

கூடத்தில் மெத்தைகளை இழுத்துப் போட்டு மதியம் எல்லோரும் தூங்குங்கள். சமையலில் ஆளுக்கொரு கை வைக்கட்டும், சாப்பாடு தாமதமானால் ஆகட்டும். முதல் முறை முழு நாள் வேண்டாம். காலை உணவிலிருந்து மாலை நான்கு மணி வரை போதும்.

மாமியாரின் தொடரில் கை வைக்காதீர்கள். மதியம் அந்தப் புகைப்படப் பெட்டியை அவர் மடியில் வைத்து யார் யார் என்று கேளுங்கள். பிள்ளைகள் கேட்டிராத செய்திகள் வரும். மாலையில் தொடர் தொடங்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, இதுவரை என்ன நடந்தது என்று அவரிடமே கேளுங்கள். வில்லி யார் என்பதில் உங்கள் மகளுக்கும் ஒரு கருத்து இருக்கும்.