சம்பளமில்லாமல் பயிற்சிப் பிள்ளைகள்: ஒப்பமிடுவதற்கு முன்

கேள்வி: புதுக்குடியிருப்பில் நானும் கணவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து சிறிய அச்சகமும் கொம்பியூட்டர் திருத்தும் கடையும் நடத்துகிறோம். வெளியாள் ஒருவரும் இல்லை, ஈ.பி.எஃப் பதிவும் இல்லை. வவுனியாவிலிருந்து ஒருவர் வந்து, தன்னுடைய பயிற்சி நிலையத்துப் பிள்ளைகள் இருவரை ஆறு மாதத்துக்குச் சம்பளமில்லாமல் தருவதாகச் சொல்கிறார். அவர்கள் போனதும் அடுத்த இருவர் வருவார்களாம். கடையின் கடிதத்தலைப்பில் ஒப்பமும் சீலும் வைத்துக் கொடுத்தால் போதுமாம். வருகிற இருவரில் ஒருத்திக்கு 17 வயது. எடுக்கலாமா? தொழில் திணைக்களத்தால் பிரச்சினை வருமா?

பதில்: இந்த ஆள் மூலம் எடுக்காதீர்கள். பிரச்சினை வரும். பயிற்சிக்குப் பிள்ளைகளை எடுக்க நேர்வழி ஒன்று இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் அது பயிற்சியாகிவிடாது. அந்தப் பிள்ளை நாளைக்கு வராவிட்டால் கடையில் வேலை தடைப்படுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். காலையில் கடை திறந்து, போட்டோகொப்பி எடுத்து, காசு வாங்கிப் போட்டு, லமினேற்றிங் செய்து, பின்னேரம் கூட்டிவிட்டுப் போகிற பிள்ளை உங்கள் ஊழியர். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்) சட்டத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் தேவையில்லை. வாய்ப்பேச்சு போதும், பயிலுநர் ஒப்பந்தமும் அதற்குள் அடங்கும். "இவர்கள் போனால் அடுத்த இருவர்" என்று அந்த ஆள் சொன்னாரே, அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி. ஆள் மாறி ஆள் வந்து நிரப்புகிற இடத்துக்கு வேலை என்றுதான் பெயர்.

பிடிபட்டால் எவ்வளவு போகும்? ஒரு பிள்ளைக்கு மட்டும் கணக்குப் பார்ப்போம். 2026 ஜனவரியிலிருந்து தேசிய ஆகக்குறைந்த சம்பளம் மாதம் 30,000 ரூபா. ஆறு மாதத்துக்கு 180,000. ஈ.பி.எஃப்பில் உங்கள் பங்கு 12 வீதம், பிள்ளையின் பங்கு 8 வீதம். மாதாமாதம் கழிக்காமல் விட்ட 8 வீதத்தைப் பின்னர் பிள்ளையிடம் கேட்க முடியாது, ஆகவே 20 வீதமும் உங்கள் கையிலிருந்து போகும். அது 36,000. ஊழியர் நம்பிக்கை நிதி (ஈ.ரீ.எஃப்) 3 வீதம், 5,400. ஒரு வருடத்துக்கு மேல் பிந்திவிட்டால் ஈ.பி.எஃப் தொகைக்கு 50 வீத மிகைக்கட்டணம், இன்னொரு 18,000. மொத்தம் 239,400 ரூபா. இரண்டு பிள்ளைகள் என்றால் இரட்டிப்பு.

உங்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நீங்கள் ஈ.பி.எஃப் பதியாமல் இருப்பது சரி என்றால், அது ஒரேயொரு விலக்கினால்தான்: குடும்ப உறுப்பினர்கள் மட்டுமே வேலை செய்கிற தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது. இந்த "மட்டுமே" என்ற சொல்லைக் கவனியுங்கள். வெளியாள் ஒருவர் ஊழியர் என்று ஆகிவிட்ட நாளிலேயே "மட்டுமே" போய்விடும். இவ்வளவு காலமும் கணக்கில் இல்லாத உங்கள் கணவரின் தம்பி என்ன சம்பளம் எடுக்கிறார் என்ற கேள்வியும் அன்றைக்கே எழும். பக்கத்து வீட்டுப் பிள்ளையை "எங்கட பிள்ளை மாதிரித்தான்" என்று சொல்லிக் குடும்பத்துக்குள் சேர்க்க முடியாது. மச்சானின் கூட்டாளியையும் முடியாது. ஏ.எல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற தெரிந்த பிள்ளையை "சும்மா வந்து பழகட்டும்" என்று வைத்துக்கொண்டு இந்த விலக்கை இழந்த சிறு கடைக்காரர்களை நான் கண்டிருக்கிறேன். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. பிள்ளைக்கும் கடைக்காரருக்கும் மனக்கசப்பு வந்து, முறைப்பாடு போன அன்றைக்குத்தான் அவர்களுக்கு விஷயம் விளங்கியது.

இனி அந்த ஆளைப் பற்றி. தொழிற்பயிற்சி நிலையம் நடத்துகிறவர் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். பிறகு பிள்ளைகளைத் தனியாக இருத்தி, அவருக்கு எவ்வளவு காசு கட்டினார்கள் என்று கேளுங்கள். இப்படி அலைகிறவர்கள் பிள்ளையிடம் பாடநெறிக் கட்டணம், "பயிற்சி இடம் எடுத்துத் தருகிற" கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் என்று மூன்று தரம் வாங்குவார்கள். பிள்ளையின் உழைப்பு உங்களுக்கு, காசு அவருக்கு, பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரு கடதாசி. வன்னியில் தாய்மார் தோட்டை விற்றும் அடகு வைத்தும் இந்தக் காசைக் கட்டுகிறார்கள். எனக்கு இதைச் சகிக்க முடியவில்லை.

வெற்றுக் கடிதத்தலைப்பில் ஒருபோதும் ஒப்பமிடாதீர்கள். சீலை அவர் கையில் கொடுக்காதீர்கள். கடைக்கு ஒருநாளும் வராத ஒருவர் உங்களிடம் இரண்டு வருடம் வேலை செய்ததாக எழுதி, அந்தக் கடிதத்தை வெளிநாட்டு விசாவுக்குக் காட்டுவார்கள். விசாரணை வந்தால் ஒப்பம் உங்களுடையது.

நேர்வழிக்கு வருகிறேன். பாடத்திட்டத்திலேயே தொழில்முறைப் பயிற்சி உள்ள பிள்ளையை, அவருடைய நிறுவனமே கடிதத்தோடு அனுப்ப வேண்டும். தொலைவுக்குப் போகத் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்களும் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. பம்பைமடுவில் 2021இல் தனியாகிய வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பயிலுநர்களைப் பதிகிற அரச அதிகாரசபையான நைட்டா மூலம் பயிலுநரைப் பதிந்தும் எடுக்கலாம், ஆனால் அவருக்கு ஈ.பி.எஃப் கட்ட வேண்டுமா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தில் பிள்ளையின் பெயர், தொடங்கும் முடியும் திகதிகள், பழக வேண்டிய வேலைகள், பொறுப்பான விரிவுரையாளர் யார் என்பவை இருக்க வேண்டும். பயிற்சிக் காலத்துக்கு விபத்துக் காப்புறுதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் பயிலுநர் ஒப்பந்தத்தையும் சேர்த்தே பேசுகிறது. கடதாசி வெட்டும் இயந்திரத்தில் விரல் போய்விட்டால், சம்பளம் கொடுக்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

கடிதத்தோடு வந்த பிள்ளையையும் நாள் முழுக்கப் போட்டோகொப்பி மெஷினுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். பிள்ளை எழுதுகிற பயிற்சித் தினக்குறிப்பேட்டை நீங்களே வாசித்து, வாரம் ஒருமுறை ஒப்பமிடுங்கள். பஸ் காசு கொடுத்தால் ஊழியர் என்று ஆகிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வீண் பயம். விசுவமடுவிலிருந்தோ முள்ளியவளையிலிருந்தோ வருகிற பிள்ளைக்குப் பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுங்கள், வவுச்சர் எழுதி வையுங்கள்.

17 வயதுப் பிள்ளையைப் பொறுத்தவரை, வேலைக்கான ஆகக்குறைந்த வயது 2021இலிருந்து 16. ஆனால் 18 வரை அபாயமான வேலைகள் தடை. வெட்டும் இயந்திரத்துக்குக் கிட்ட விடவே கூடாது, பொழுதுபட முன் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

இவ்வளவையும் ஒரு கடைக்காரர் எங்கே போய் அறிவார்? ஒரு விதி 1934ஆம் ஆண்டுச் சட்டத்தில், வயது பற்றியது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில், மற்றொன்று 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிடக்கிறது. வன்னியில் கடை வைத்திருக்கிறவருக்குச் சிங்களத்தில் கடிதம் வருகிறது, ஆங்கிலத்தில் படிவம் வருகிறது. பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு ஆறு மாதத்தில் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத மேற்பார்வையாளர்களும் இருக்கிறார்கள். தமிழில் இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம் அடித்துப் பிரதேச செயலகங்களில் வைத்திருந்தால் இந்தத் தரகருக்கு உங்கள் கடையில் என்ன வேலை?

அவர் திரும்ப வந்தால், பதிவு இலக்கத்தையும் நிறுவனக் கடிதத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த இரண்டு பிள்ளைகளையும் வெறுங்கையோடு அனுப்பிவிடாதீர்கள். தாய் தகப்பனோடு பிரதேச செயலகத்துக்குப் போய், மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்திக்கச் சொல்லுங்கள். அரச தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடநெறிகளை அங்கே விசாரிக்கலாம், அதற்குக் காசு தேவையில்லை.