கரண்ட் பில்லில் உன் பெயரும் இருக்கட்டும்

தங்கச்சி, சிதம்பரத்திலிருந்து இந்தப் பிரெஞ்சுத் தீவு ரீயூனியனுக்கு மருமகளாக வரப்போகிறாய். கல்யாணம் முடிந்ததும் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்குமா, வேலை கிடைக்குமா, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறாய். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், இங்கே முருங்கைக்கீரைக்கே 'ப்ரெத் முருங்' என்றுதான் பேர். வேலையை மொழி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். குடியுரிமையைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. அதில் ஒரு முழு வருடத்தைத் தொலைத்தவள் நான்.

தாலி ஏறிய கையோடு யாரும் தரமாட்டார்கள். கல்யாணமாகி 4 வருடம் ஆகவேண்டும், அதில் 3 வருடமாவது பிரெஞ்சு மண்ணில் விடாமல் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் 5. ஊரில் நடந்த கல்யாணம் பிரெஞ்சுப் பதிவேட்டிலும் ஏறியிருக்க வேண்டும். பாரிஸில் இருக்கும் புதுச்சேரிச் சொந்தங்கள் "அதெல்லாம் சுலபம்" என்பார்கள். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962-ல் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த வீட்டில் பிறந்தவர்களுக்கு நம் வரிசையில் நின்ற பழக்கம் கிடையாது. அவர்கள் பேச்சை நம்பித்தான் நான் கெட்டேன்.

2009-ல் இந்தத் தீவின் சேன்-ஆந்த்ரே ஊருக்கு வந்தேன். பிரெஞ்சும் தெரியாது, இங்கே பேசும் கிரியோலும் தெரியாது. மாமியார் தங்கமானவர், வெளி வேலை ஒன்றும் எனக்கு வைக்கவில்லை. வீட்டு வாடகை, கரண்ட் பில், பேங்க் கணக்கு எல்லாம் அவர் மகன் பேரில். நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். 4 வருடம் கழித்துக் குடியுரிமை கேட்டு அலுவலகத்துக்கு ஃபைலைக் கொண்டுபோனால், மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரி அம்மா ஒவ்வொரு தாளாகப் புரட்டி, "இதில் நீங்கள் எங்கே?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒன்றாக வாழ்கிறோம் என்பதற்குச் சட்டம் கேட்பது காகிதச் சாட்சி. என்னிடம் இருந்தது கல்யாண ஆல்பம். ஃபைல் திரும்பி வந்தது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அதனால் வந்த முதல் மாதமே கரண்ட் பில்லில் உன் பேரையும் சேர்க்கச் சொல். கூட்டுக் கணக்கு திற. வரிப் படிவத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கட்டும். கூச்சப்படாதே, இது மாமியார் வீட்டைச் சந்தேகப்படுவது ஆகாது. பிரெஞ்சு வகுப்பிலும் உடனே சேர். என் காலத்தில் பேசத் தெரிந்தால் போதும், 2020-லிருந்து எழுதவும் தெரியவேண்டும்.

இன்னொன்று, பேர். நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, அவர்கள் படிவத்தில் அது இல்லாமல் நடக்காது. என் பாஸ்போர்ட்டில் அப்பா பேர்தான் அந்த இடத்தில் ஏறியிருந்தது. முதல் தடவை ஆஸ்பத்திரியில் "மதாம் செல்வராசு" என்று கூப்பிட்டபோது, கடலூரில் இருக்கும் அப்பாவை யார் இங்கே தேடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். இப்போது அந்தப் பேரைக் கேட்டால் மனசு நிறைகிறது. குடியுரிமை கேட்கும்போது பேரைப் பிரெஞ்சாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு படிவம் வரும், கட்டாயம் இல்லை. என் கணவர் வீட்டுப் பெரியவர்களுக்கெல்லாம் காகிதத்தில் ஒரு கிறிஸ்தவப் பேர், கோவிலில் ஒரு தமிழ்ப் பேர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த வம்சம் அது. தமிழ் பேச வராத என் மாமனார் அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். நான் மாற்றவில்லை.

இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கும், இரட்டைக் குடியுரிமை நம் நாட்டில் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கினாலும் ஓட்டு இல்லை, ஊரில் விவசாய நிலம் வாங்க முடியாது. உன் அப்பா நிலம் நீச்சு வைத்திருந்தால் முதலில் அவரோடு உட்கார்ந்து பேசு. குடியுரிமை கேட்காமல் 10 வருட வசிப்பு அட்டையிலேயே நிம்மதியாக இருப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

டிக்கெட் போடுவதற்கு முன், உன் பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் அப்பா பேர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பார். ஒரு 'எச்' கூடினாலும் ஊரில் இருக்கும்போதே திருத்திக்கொள்.