கடும் வெயிலில் மாடு ஏற்ற எந்த டிரெய்லர்? நிறுத்தி வைத்துப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: எங்கள் பண்ணையில் சுமார் அறுபது தாய்ப்பசுக்களும் அவற்றின் கன்றுகளும் சிறு செம்மறி மந்தை ஒன்றும் இருக்கின்றன. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். மேய்ச்சல் நிலம் மாற்றவும் சந்தைக்கும் மருத்துவரிடமும் கொண்டுபோகவும் ஒரு டிரெய்லர் வேண்டும். இழுப்பதற்கு நடுத்தர பிக்கப் ஒன்று இருக்கிறது. அலுமினியம் வெயிலில் சூடாகாது என்கிறார்கள். நான்கு பக்கமும் மூடியது தூசிக்கு நல்லது என்கிறார்கள். எது வாங்குவது, எவ்வளவு நீளம், பழையது வாங்கலாமா?

பதில்: விற்பவர் உங்களுக்கு டிரெய்லரைக் காட்டும்போது அது ஓடும் கதையைத்தான் சொல்வார். குலுங்காது, எளிதாக இழுபடும், வளைவில் ஆடாது என்பார். அவை முக்கியம்தான். ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் எந்த டிரெய்லரிலும் ஓரளவு காற்று வரும். வெயில் நாட்டில் மாடு சாய்வது பெரும்பாலும் வண்டி நிற்கும்போது: ஏற்றுவதற்குக் காத்திருக்கையில், வழியில் டயர் போய் ஓரம் கட்டுகையில், சந்தை வாசலில் வரிசையில் நிற்கையில். ஆகவே ஒவ்வொரு அம்சத்தைப் பார்க்கும்போதும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நண்பகலில், காற்றில்லாமல், மாடு நிறைந்து, அரை மணி நேரம் நின்றால் இது என்ன ஆகும்?

500 கிலோ எடையுள்ள ஒரு மாடு சும்மா நின்றாலே ஏறக்குறைய 700 வாட் வெப்பத்தை வெளிவிடும். ஆறு மாடுகளை ஏற்றினால் நான்கு கிலோவாட்டுக்கு மேல். கூரை வெயிலில் காயாவிட்டாலும் உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதோடு, மாடு தன் உடல் சூட்டைத் தணிப்பது வியர்வையாலும் மூச்சிரைப்பாலும். இரண்டும் ஈரத்தைக் காற்றில் கலக்கின்றன. ஈரம் ஏற ஏற வியர்வை ஆவியாவது குறைகிறது. கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் வெப்ப-ஈரப்பதக் குறியீட்டில் கணக்குப் போட்டால், 20 சதவீத ஈரப்பதத்தில் 38 டிகிரியும், 60 சதவீத ஈரப்பதத்தில் 32 டிகிரியும் மாட்டுக்கு ஏறக்குறைய ஒரே துன்பம். இரண்டுமே 80-ஐத் தாண்டி ‘ஆபத்து’ எல்லைக்குள் வருகின்றன. ‘எங்கள் ஊர் வறண்ட காற்று, அதனால் பரவாயில்லை’ என்று நினைப்பவர்கள் மறப்பது இதைத்தான். வெளியே காற்று வறண்டிருக்கலாம். மூடிய டிரெய்லருக்குள் ஈரத்தை மாடுகளே உண்டாக்கிவிடும்.

இதனால் நான்கு பக்கமும் மூடிய பெட்டி வேண்டவே வேண்டாம். கண்ணாடிச் சன்னல் வைத்த அழகான குதிரை டிரெய்லர்கள் குளிர்ப் பகுதிகளுக்கானவை. தூசிக்குப் பயந்து மூச்சை அடைப்பது நல்ல பேரம் அல்ல. உங்களுக்குத் தேவை பக்கவாட்டில் நீளவாக்கில் இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்த டிரெய்லர். இடைவெளி இரண்டு உயரங்களில் இருக்க வேண்டும். மேலே, கூரையை ஒட்டி ஒரு வரிசை. சூடான காற்று அங்கேதான் தேங்கும். அது வெளியேற வழி வேண்டும். கீழே, மாட்டின் வயிற்று உயரத்திலும் செம்மறியின் தலை உயரத்திலும் இன்னொரு வரிசை. மேலே மட்டும் திறந்து, இடுப்பு உயரம் வரை வழுவழு தகடு அடித்த டிரெய்லர்கள் நிறைய விற்கின்றன. பார்க்கச் சுத்தமாக இருக்கும்; ஆனால் கன்றும் ஆடும் அதற்குள் நின்றால் தகடு மறைத்த காற்றில்தான் நிற்கும். அதே சமயம் கீழ் இடைவெளி ஒரு குளம்போ காலோ நுழைந்து மாட்டிக்கொள்ளும் அளவுக்கு அகலமாகவும் இருக்கக் கூடாது. செம்மறிக் குட்டிகளையும் ஏற்றுவீர்கள் என்றால் குட்டியின் காலை மனத்தில் வைத்து அளந்து பாருங்கள். குளிர் காலம் வந்தால் கழற்றி மாட்டக்கூடிய பலகைகளால் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளலாம். முன்பக்கம், இழுவண்டியை நோக்கிய சுவரிலும் ஒரு திறப்பு இருக்கட்டும். இல்லாவிட்டால் முன்னால் நிற்கும் மாடுகள் எப்போதும் மற்றவற்றின் மூச்சைத்தான் சுவாசிக்கும்.

அலுமினியம் சூடாகாது என்று சொன்னவர் பாதி உண்மை சொல்லியிருக்கிறார். பளபளக்கும் அலுமினியம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் வாங்கிக்கொண்ட கொஞ்சத்தையும் வெப்பக் கதிராக வெளியேற்றுவதில் அது மிக மந்தம். அதனால் பூச்சில்லாத அலுமினியக் கூரை காற்றில்லாத நண்பகலில் கை வைக்க முடியாதபடி சுடும். வெப்பத்தைக் கடத்துவதிலும் அது சாதாரண இரும்பைவிடப் பல மடங்கு வேகமானது. வெள்ளை வண்ணம் பூசிய கூரையோ வெயிலைத் திருப்பியும் அனுப்பும், ஏற்ற சூட்டை வெளியேற்றவும் செய்யும். எனவே கூரையின் வண்ணம் உலோகத்தைவிடப் பெரிய கேள்வி. அலுமினியமோ இரும்போ, கூரை வெள்ளையாக இருக்க வேண்டும். உள்ளே இரண்டாம் அடுக்கு, அதாவது கூரைத் தகட்டுக்குக் கீழே சிறு இடைவெளி விட்டு இன்னொரு தகடோ வெப்பத் தடுப்புப் பலகையோ, கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தே வாங்கலாம். கறுப்பு டிரெய்லர் அழகு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கான்வாஸ் கூரை போட்ட மாடல்களும் உண்டு. நிழல் தருவதில் குறையில்லை, ஆனால் கடும் வெயிலில் துணி சில ஆண்டுகளில் இற்றுப்போகும், மாற்றும் செலவைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உலோகத்தில் எது? அலுமினியத்தின் அடர்த்தி இரும்பின் அடர்த்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் வலிமைக்காகத் தடிமனைக் கூட்ட வேண்டியிருப்பதால் முழு டிரெய்லரில் எடைக் குறைப்பு அந்த அளவுக்கு இருக்காது. இருந்தாலும் உங்களுடையது போன்ற நடுத்தர பிக்கப்புக்கு அந்தக் குறைவு பெரிய உதவி. அலுமினியம் துருப்பிடிக்காது என்பதும் உண்மை. ஆனால் சிறுநீரும் சாணமும் ஊறிய இடத்தில் அலுமினியமும் இரும்பும் நேரடியாக ஒட்டியிருந்தால் அந்த இணைப்பில் அலுமினியம் அரிக்கப்படும். இரும்பு அடிச்சட்டத்தின் மேல் அலுமினிய உடல் வைத்த கலப்பு டிரெய்லர் பார்த்தால், இரண்டுக்கும் நடுவே ரப்பரோ வேறு தடுப்போ இருக்கிறதா என்று கீழே குனிந்து பாருங்கள். இரும்பின் நன்மை வேறு: வெல்டிங் தெரிந்த யாரும் எந்த ஊரிலும் பழுது பார்த்துவிடலாம். அலுமினியத்தை ஒட்டவைக்கத் தனித் திறமை வேண்டும். கடினமாக வேலை செய்யும், பட்டறை தொலைவில் உள்ள பண்ணை என்றால், முழுவதையும் கட்டி முடித்த பிறகு சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு டிரெய்லர்தான் என் தேர்வு. வெறும் வண்ணம் பூசிய இரும்பு என்றால், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழுவும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும்.

தரையில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். வெறும் உலோகத் தரை வெயிலில் நின்றபின் குளம்பைச் சுடும், ஈரமானால் வழுக்கும். மாடு வழுக்கி விழுந்த டிரெய்லரில் மறுமுறை ஏறாது. பதப்படுத்திய கனமான மரப்பலகைத் தரை வெப்பத்தைக் கடத்தாது. ஆனால் அடியில் இற்றுப்போவது மேலிருந்து தெரியாது. மரத்தின் மேல் கழற்றி எடுக்கக்கூடிய ரப்பர் விரிப்பு போடுங்கள். நிரந்தரமாக ஒட்டிய விரிப்பு வேண்டாம். அடியில் தேங்கும் சிறுநீர்தான் தரையைத் தின்னும். பலகைகளுக்கிடையே தண்ணீர் வடிய வழி இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நீளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மாடுகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடுங்கள். கால்நடைப் போக்குவரத்துக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 1/2005 விதிமுறை, 550 கிலோ மாட்டுக்கு 1.30 முதல் 1.60 சதுர மீட்டர் தரை ஒதுக்கச் சொல்கிறது. கோடையில் நான் மேல் எல்லையை ஒட்டியே எடுத்துக்கொள்வேன். 16 அடி நீளம், 6 அடி அகலமுள்ள டிரெய்லரின் தரை சுமார் 8.9 சதுர மீட்டர். தலைக்கு ஒன்றரை வீதம் ஆறு மாடுகளுக்குக் கொள்ளளவு சரியாக இருக்கும். ஏழாவதைத் தள்ளி ஏற்ற முடியும். ஆனால் அந்த ஏழாவது மாடு மற்ற ஆறின் காற்றையும் எடுத்துக்கொள்ளும். ஆறு மாடு 3000 கிலோ, டிரெய்லரின் வெற்று எடை 1500 கிலோ என்று வைத்தால் மொத்தம் 4500. பின்பக்கம் உருண்டைக் கொக்கியில் மாட்டி இழுக்கும் டிரெய்லர் தன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்தைக் கொக்கியின் மேல் அழுத்தும்; இங்கே 450 முதல் 675 கிலோ. உங்கள் பிக்கப்பின் இழுவை வரம்பையும், கதவோர ஸ்டிக்கரில் அச்சிட்ட சுமை வரம்பையும் இதோடு ஒப்பிடுங்கள். பலர் இழுவை எண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் சுமை எண்ணை மறந்துவிடுகிறார்கள். இரண்டில் ஒன்று மீறினாலும் முடிவு வேறு: குறைந்த நீளம், அல்லது அலுமினியம், அல்லது பெரிய பிக்கப்.

கூஸ்நெக் என்னும், வாத்துக் கழுத்துபோல் வளைந்து பிக்கப்பின் சரக்குத் தளத்தில் பின் அச்சுக்கு மேலே பூட்டும் வகை நிலையாக ஓடும், குறுகிய இடத்தில் திரும்பும். ஆனால் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை பிக்கப்பின் மேல் ஏறும். நடுத்தர பிக்கப்புக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. அறுபது பசுக்களையும் ஒரே நாளில் நகர்த்த வேண்டிய தேவை உங்களுக்கு ஆண்டுக்கு எத்தனை முறை வரும்? ஓரிரு முறைதான் என்றால் அன்றைக்கு வாடகைக்கு லாரி எடுங்கள். மற்ற நாட்களுக்கு 16 அடி போதும்.

நடுவில் ஒரு தடுப்புக் கதவு கட்டாயம். செம்மறியையும் மாட்டையும் பிரிக்கவும், பொலிகாளையைத் தனியே நிறுத்தவும், பாரத்தை அச்சுகளுக்கு மேலே வைத்திருக்கவும் அது உதவும். தள்ளிய உடனே தானாகப் பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாளாக இருக்கட்டும். ஏற்றும் நேரம் எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு குறைவாக மாடு வெந்து நிற்கும். ஏற்றத்தை இழுத்தடிக்கும் இன்னொன்று இருட்டு. வெயில் கொளுத்தும் முற்றத்திலிருந்து இருண்ட டிரெய்லருக்குள் போக மாடு மறுக்கும். கால்நடை நடத்தையை ஆராய்ந்த டெம்பிள் கிராண்டின் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இது. இடைவெளிகள் வழியே உள்ளே ஒளி பரவ வேண்டும், அதே சமயம் அந்த ஒளி நேராகக் கண்ணில் அடிக்கவும் கூடாது. பக்கவாட்டில் மனிதன் தப்பிக்கும் சிறு கதவு ஒன்று இருக்கட்டும். அது இல்லாத டிரெய்லரில் உள்ளே நுழையாதீர்கள்.

இரண்டு அச்சுகள், ஒவ்வொன்றும் 3175 கிலோ தாங்கும் வகை என்றால் மேலே போட்ட 4500 கிலோ கணக்குக்குத் தாராளம். எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். டிரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் அவசர பிரேக்கின் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று, அதில் செருகியிருக்கும் பின்னை (ஊசியை) இழுத்து நேரில் சோதியுங்கள்.

டயர்தான் வெயிலில் முதலில் தோற்கும். சூடான சாலை, காற்றுக் குறைவு, அதிகப் பாரம் மூன்றும் சேர்ந்தால் ரப்பர் உள்ளேயே வெந்து அடுக்கடுக்காகப் பிரியும். பயணத்துக்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே, அது தாங்கும் எடைக்கு உரிய முழு அழுத்தத்துக்குக் காற்றடியுங்கள். பல டிரெய்லர் டயர்கள் மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் உருவாக்கப்பட்டவை. வேகத் தரத்தைப் பக்கச் சுவரில் பாருங்கள். அதே பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. கோடுகள் புதிதுபோல் ஆழமாக இருந்தாலும் ஆறு வயதைத் தாண்டிய டயரோடு மாடு ஏற்ற மாட்டேன். உதிரிச் சக்கரம் ஒன்றும் அதற்குப் பொருந்தும் ஜாக்கியும் விலையில் சேர வேண்டும். வெயிலில் டிரெய்லர் நிறுத்தும் இடத்தில் டயர்களுக்கு உறை போடுங்கள். சூரியனும் ரப்பரைத் தின்னும்.

பழையது வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம், கீழே படுத்துப் பார்க்கத் தயார் என்றால். ரப்பர் விரிப்பைத் தூக்கி, பலகையில் ஒரு ஸ்க்ரூட்ரைவரை அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பலகை இற்றுவிட்டது. பிறகு அடியில் தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள். பின்கதவுக்குக் கீழே உள்ளது முதலில் துருப்பிடிக்கும். அதைச் சுத்தியலால் தட்டினால் தடித்த இரும்பா, துருவின் ஓடா என்று ஒலியே சொல்லிவிடும். புதிதாகக் கறுப்பு வண்ணம் அடித்த அடிப்பாகம் கண்டால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். வெற்று வண்டியாகப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இழுத்துப் போய் நிறுத்தி, நான்கு சக்கர மையங்களையும் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சுட்டால் பேரிங் போய்விட்டது, அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் விலையைக் குறைக்கும் காரணங்கள்தான், வாங்காமல் விடும் காரணங்கள் அல்ல. குறுக்குச் சட்டம் துருவாக இருந்தால் மட்டும் திரும்பிவந்துவிடுங்கள்.