கூகுளைப் பார்த்து அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்

கேள்வி: செங்கோட்டை அருகே நூலகராக இருக்கிறேன். அம்மாவுக்கு 61 வயது. 8 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், புனலூரில் காட்டுகிறோம். ‘மெட்ஃபார்மின் கிட்னி பாதிப்பு’ என்று கூகுளில் தேடி, வந்ததை வாசித்துக் காட்டினேன். பயந்துபோய் 10 நாளாக மாத்திரையைத் தொடவில்லை. திரும்பக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அம்மா. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது. கிட்னி ஏற்கெனவே பழுதாகியிருந்தால் மாத்திரை உடம்பில் தேங்கி, அரிதாக இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும், அதனால்தான் இஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் அளவு) 30-க்குக் கீழே போனால் நிறுத்துகிறோம், 45-க்குக் கீழே வந்தாலே அளவைக் குறைக்கிறோம். கிட்னியைக் கெடுப்பது அடங்காத சர்க்கரைதான். நாளைக் காலையிலேயே வெறும் வயிற்றுச் சர்க்கரையும், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பாருங்கள், ரிப்போர்ட்டோடு புனலூர் டாக்டரைப் பாருங்கள். கிட்னி நன்றாக இருந்தால் பெரும்பாலும் அதே மாத்திரையைத்தான் தொடரச் சொல்வார். நடுவில் வாந்தி, மூச்சுவாங்கல், அசாதாரணத் தூக்கம் என்று எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம் உங்களிடம் ஒரு வார்த்தை. நீங்கள் ‘பாதிப்பு’ என்று சேர்த்துத் தட்டினீர்கள், பாதிப்பைப் பேசும் பக்கங்களாகவே வந்து குவிந்தன. நான் படித்தபோது இன்டெக்ஸ் மெடிக்கஸ் என்ற தடித்தடியான தொகுதிகளில்தான் கட்டுரைகளைத் தேட வேண்டும், எங்கள் கல்லூரி நூலகரிடம் போய் நின்றால் புத்தகத்தை எடுக்கும் முன்பே “நோயாளிக்கு என்ன வயசு, கிட்னி எப்படி இருக்கு, எதுக்குக் கேக்குறே?” என்பார், அதற்குப் பதில் சொல்லும்போதே என் கேள்வி தப்பு என்று எனக்குப் புரிந்துவிடும். 1997-ல் மருத்துவக் கட்டுரைகளை இணையத்தில் தேடித்தரும் பப்மெட் எல்லோருக்கும் இலவசமானது, அது பெரிய நன்மை, செங்கோட்டையில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஆனால் அந்த எதிர்க்கேள்வி நம் கையைவிட்டுப் போய்விட்டது.

உங்கள் ஊரில் அதைக் கேட்க நீங்கள் இருக்கிறீர்கள். தமிழிலும் மலையாளத்திலும் வரும் வாட்ஸ்அப் செய்தியை யாராவது நீட்டினால், யார் எழுதியது, எந்த வருடம், யாருக்குப் பொருந்தும் என்று சேர்ந்து பாருங்கள். பொதுமக்களுக்காக மருந்து, நோய் விவரங்களைத் தரும் மெட்லைன்பிளஸ் தளத்தைத் திறந்து காட்டுங்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும் டாக்டர் வேலை.

இன்னொன்று. இத்தனை வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், கிட்னி என்று தேடியதால் இது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. பாதம் மரத்துப்போகிறதா என்று அம்மாவிடம் இன்றே கேளுங்கள், நாளை எடுக்கும் இரத்தத்திலேயே பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள்.