கோப்பையை வென்ற டாட்ஜர்ஸுக்குப் புதிய பிட்சர்கள் எதற்கு?

2024-இல் பேஸ்பாலின் உலகத் தொடரை வென்ற லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ், ஒரு மாதம்கூட ஆவதற்குள் பிளேக் ஸ்னெல் என்ற பிட்சருக்கு ஐந்து வருடத்துக்கு 18.2 கோடி டாலர் கொடுத்து ஒப்பந்தம் போட்டது. ஜெயித்த அணி எதற்கு ஸ்டார்ட்டிங் பிட்சர்கள் (ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசுபவர்கள்) மேல் இவ்வளவு பணத்தைக் கொட்ட வேண்டும், அது தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேவைதான். அவர்கள் ஜெயித்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகமே வராது. நான் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் பதினோரு வருடமாக இருக்கிறேன். பிளே-ஆஃப் நடந்த அந்த அக்டோபர் முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் ஆட்டம் பார்த்தேன்.

அப்போது அணியிடம் முழுதாக இருந்த ஸ்டார்ட்டர்கள் மூன்றே பேர்: யமமோட்டோ, ஜாக் ஃபிளாஹர்ட்டி, வாக்கர் பியூலர். டைலர் கிளாஸ்னோவுக்கு முழங்கையில் காயம். கேவின் ஸ்டோனுக்குத் தோள்பட்டை. கிளேட்டன் கெர்ஷாவுக்குக் கால். பேட்டிங், பந்துவீச்சு இரண்டும் செய்யும் ஓட்டானி அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த வருடம் பந்தே வீசவில்லை, பேட்டிங் மட்டும்தான். பிளே-ஆஃபில் சான் டியேகோவுடன் நடந்த தொடரின் நான்காவது ஆட்டத்தில், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய நிலையில், போடுவதற்கு ஸ்டார்ட்டரே இல்லை. எட்டு ரிலீவர்களை (ஸ்டார்ட்டருக்குப் பின்னால் வந்து வீசுபவர்கள்) வரிசையாக இறக்கி 8-0 என்று ஜெயித்தார்கள். அற்புதமான ஆட்டம்தான். ஆனால் வருடா வருடம் அற்புதத்தை நம்பி அணி நடத்த முடியாது.

அப்புறம் அக்டோபர் 30, நியூயார்க்கில் யாங்கீஸுடன் நடந்த உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். ஃபிளாஹர்ட்டி நாலே பேரை அவுட் ஆக்கியிருந்தார், அதற்குள் நாலு ரன் போய்விட்டது. இரண்டாவது இன்னிங்ஸிலேயே அவரை வெளியே எடுத்தார்கள். ஒரு ஆட்டத்துக்கு 27 அவுட் வேண்டும். மீதி 23 அவுட்டையும் புல்பென்தான், அதாவது ரிலீவர்கள் கூட்டம்தான், எடுக்க வேண்டும். 5-0 என்று பின்தங்கி, யாங்கீஸ் ஐந்தாவது இன்னிங்ஸில் செய்த தவறுகளால் 5-5 ஆகி, கடைசியில் டாட்ஜர்ஸ் 7-6 என்று ஜெயித்தது.

எட்டாவது இன்னிங்ஸில் நடந்த ஒன்று எனக்கு மறக்கவே மறக்காது. பிளேக் டிரைனன் வழக்கத்தைவிட அதிகமாக வீசிவிட்டார். மானேஜர் டேவ் ராபர்ட்ஸ் மவுண்டுக்கு (பிட்சர் நின்று வீசும் மேடு) நடந்து போய், அவருடைய நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். இன்னும் தெம்பு இருக்கிறதா என்று கையால் தொட்டுத் தெரிந்துகொள்வது மாதிரி. எடுக்காமல் விட்டுவிட்டுத் திரும்பினார். டிரைனன் அன்று வீசியது 42 பந்து. ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஆள் இல்லாமல், இரண்டு நாள் முன்புதான் ஐந்து இன்னிங்ஸ் வீசியிருந்த பியூலரைக் கூப்பிட்டார்கள். ஜெயித்துவிட்டோம், நானும் துள்ளினேன். ஆனால் அன்று தோற்றிருந்தால் ஆறாவது ஆட்டத்துக்குப் புல்பென் எந்த நிலையில் வந்திருக்கும்?

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எனக்கே புரிய இரண்டு சீசன் ஆயிற்று. கிரிக்கெட்டில் ஒரு பவுலரை நிறுத்திவிட்டு பத்து ஓவர் கழித்துத் திரும்பக் கொண்டுவரலாம். பேஸ்பாலில் ஒருவரை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டால் அன்றைக்கு அவர் திரும்ப வர முடியாது. ஸ்டார்ட்டர் நூறு பந்து அளவுக்கு வீசிவிட்டால் அடுத்த நாலைந்து நாள் ஓய்வு. அதனால்தான் ஐந்தாறு பேரைச் சுழற்சியில் வைத்திருக்கிறார்கள், அதுதான் ரொட்டேஷன். ஒரு ஸ்டார்ட்டர் சீக்கிரம் விழுந்தால் அந்தச் சுமை ரிலீவர்கள் தோளில் ஏறுகிறது. அவர்கள் மறுநாளும் வீச வேண்டியவர்கள். ஆக, ஒருநாள் ஸ்டார்ட்டர் சொதப்பினால் அடி மறுநாளுக்கும் அதற்கு மறுநாளுக்கும் சேர்த்து விழுகிறது. ஒரு சீசனின் 162 ஆட்டத்துக்கும் இப்படி ஓட்ட முடியுமா?

இன்னொன்று, கைகள் தாங்குவதில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு பந்தையும் முழு வேகத்தில் வீசுகிறார்கள். 2024 சீசனில் இரண்டு லீகும் சேர்த்து 200 இன்னிங்ஸைத் தொட்டவர்கள் நாலே நாலு பேர்: லோகன் கில்பர்ட், சேத் லூகோ, லோகன் வெப், ஜாக் வீலர். முழங்கைத் தசைநாரை மாற்றிவைக்கும் டாமி ஜான் அறுவை சிகிச்சையே டாட்ஜர்ஸ் பிட்சர் ஒருவருக்கு, 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் செய்ததில் தொடங்கியதுதான். அந்தப் பிட்சரின் பேரையே சிகிச்சைக்கு வைத்துவிட்டார்கள். ஐம்பது வருடம் கழித்தும் பிட்சரின் முழங்கைதான் இந்த விளையாட்டிலேயே நம்ப முடியாத உறுப்பு.

அதனால் என் கணக்கு இது. அக்டோபரில் நாலு நல்ல ஸ்டார்ட்டர் வேண்டும் என்றால், ஏப்ரலில் எட்டுப் பேர் கையில் இருக்க வேண்டும். பாதிப் பேர் எப்படியும் காயத்தில் போய்விடுவார்கள். யார் போவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது.

2025-இல் அப்படியேதான் நடந்தது. ஸ்னெல் தோள் வலியில் உட்கார்ந்து, மொத்தம் 11 ஆட்டம்தான் தொடங்கினார். ஜப்பானிலிருந்து வந்த ரோக்கி சசாக்கி எட்டு ஆட்டத்தோடு தோள் பிரச்சினையில் நின்றார். கிளாஸ்னோவுக்கும் பல வாரம் ஓய்வு. ஓட்டானி ஜூன் நடுவில்தான் மவுண்டுக்குத் திரும்பினார். சீசன் முழுக்க ஓடியவர் யமமோட்டோ ஒருவர்தான், 30 ஆட்டம், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 2.49 ரன். ஜூலையில் என் அலுவலகத்தில் ஒருவர், “கோடிக்கணக்கில் கொடுத்து நோயாளிகளை வாங்கியிருக்கிறார்கள்” என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பதில் அக்டோபரில் வந்தது. உலகத் தொடருக்கு முந்தின சுற்றில் மில்வாக்கியுடன் நாலு ஆட்டம். ஸ்னெல் எட்டு இன்னிங்ஸ், ஒரே ஒரு ஹிட், ரன் கிடையாது. மறுநாள் யமமோட்டோ, முதல் பந்திலேயே ஹோம் ரன் கொடுத்துவிட்டு அதற்கப்புறம் ஒன்பது இன்னிங்ஸும் தனியாளாக முடித்தார். பிளே-ஆஃபில் 2017-க்குப் பிறகு ஒருவர் முழு ஆட்டத்தையும் வீசியது அதுதான் முதல் தடவை. மூன்றாவது கிளாஸ்னோ. நான்காவது ஓட்டானி, ஆறு இன்னிங்ஸில் பத்து ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது), அதே ஆட்டத்தில் பேட்டோடு மூன்று ஹோம் ரன். மில்வாக்கி நாலு ஆட்டத்திலும் சேர்த்து எடுத்தது நாலு ரன். தொடரின் 36 இன்னிங்ஸில் 28-க்கும் மேலே இந்த நாலு பேருடையது. ரிலீவர்கள் மிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று ஆகிவிட்டது.

அந்தப் பணத்தைப் புல்பென்னில் போட்டிருக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. போட்டார்கள். டேனர் ஸ்காட்டுக்கு 7.2 கோடி டாலர் கொடுத்தார்கள், அந்த சீசனில் அவர் காப்பாற்ற வேண்டிய பத்து ஆட்டங்களில் முன்னிலை கைவிட்டுப் போனது. ரிலீவர்களின் ஃபார்ம் வருடத்துக்கு வருடம் மாறும், அதில் பெரிய பணம் போடுவது எனக்கு எப்போதும் பயம்தான். டொராண்டோவுடன் நடந்த 2025 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆறாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் (ரன் எடுக்க ஓடுபவர்கள் நிற்கும் இடங்கள்) ஆள் நிறைந்திருக்க ஸ்னெல் வெளியேறினார், அடுத்து வந்தவர்களால் தடுக்க முடியவில்லை. அந்த ஒரே இன்னிங்ஸில் டொராண்டோ ஒன்பது ரன் எடுத்தது. மறுநாள் யமமோட்டோ திரும்பவும் ஒன்பது இன்னிங்ஸ், 105 பந்து, 5-1 என்று வெற்றி.

அதற்கு இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போயிற்று. மகளுக்குக் காலையில் பள்ளிக்கூடம். தூங்கப் போ என்று பன்னிரண்டாவது இன்னிங்ஸில் சொன்னேன், பதினைந்தாவதில் சொன்னேன், அப்புறம் சொல்வதையே விட்டுவிட்டேன். பிட்சர்கள் எல்லாரும் தீர்ந்துபோய், வில் கிளைன் என்ற அதிகம் பேர் அறியாத ரிலீவர் நாலு இன்னிங்ஸ், 72 பந்து வீசிக்கொண்டிருந்தார். அப்போது கேமரா புல்பென் பக்கம் திரும்பியது. யமமோட்டோ நின்று பந்து வீசி உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறார். “அப்பா, அவர் முந்தாநாள்தானே முழுசா போட்டார்?” என்று மகள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஃபிரெடி ஃப்ரீமேன் ஹோம் ரன் அடித்து முடித்துவைத்தார், யமமோட்டோ வர வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

ஏழாவது ஆட்டத்தில் ஏற்பட்டது. முந்தின நாள்தான் யமமோட்டோ ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து வீசியிருந்தார். ஓட்டானி தொடங்கினார், நடுவில் கிளாஸ்னோ வந்தார், எட்டாவது இன்னிங்ஸில் ஸ்னெல் வந்தார். ஒன்பதாவதில், ஒருவர் அவுட், இரண்டு பேர் பேஸில், ஸ்கோர் 4-4. கதவைத் திறந்துகொண்டு யமமோட்டோ மவுண்டுக்கு நடந்து வந்தார். எந்தப் பணம் தேவைதானா என்று கேட்கிறீர்களோ, அந்தப் பணத்தில் வாங்கிய நாலு கைகளும் அன்று ஒரே ஆட்டத்தில் வீசின. பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் அடித்த ஹோம் ரன்னில் 5-4. கடைசியில் மூன்றாவது பேஸில் ஆள் நிற்க, அலெஹாண்ட்ரோ கிர்க்கின் பேட் உடைந்து, பந்து முக்கி பெட்ஸிடம் உருண்டு வந்தது. அவர் இரண்டாவது பேஸை மிதித்து ஃப்ரீமேனுக்கு எறிந்தார். ஒரே பந்தில் இரண்டு அவுட், கோப்பை மறுபடியும் எங்களுக்கு. என் மகள் சோபா மேல் நின்றுகொண்டிருந்தாள்.