பாரிஸில் தண்ணீருக்குக் காசு இல்லை

கேள்வி: குடும்பத்தோடு பாரிஸ் போய்வந்தோம். சாப்பிடப் போன இடமெல்லாம் அவமரியாதைதான். மாலை 4 மணிக்குப் போனால் சமையலறை மூடியாகிவிட்டது என்கிறார்கள். தண்ணீருக்குக்கூடக் காசு. சாப்பிட்டு முடித்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தும் பில் வரவில்லை. கைதட்டிக் கூப்பிட்டால் சர்வர் முறைக்கிறார். இவர்களுக்கு டிப்ஸ் வேறு கொடுக்க வேண்டுமா? வாடிக்கையாளரைத் தெய்வமாக நினைக்கும் நம் பண்பாட்டை இவர்கள் எப்போது கற்றுக்கொள்வார்கள்?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தில் தண்ணீர் வந்த இடத்தைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. மற்றவற்றுக்கு அப்புறம் வருகிறேன்.

பாரிஸில் தண்ணீருக்குக் காசு இல்லை. சாப்பாடு கேட்டு உட்கார்ந்தவருக்கு ரொட்டியும் சாதாத் தண்ணீரும் சாப்பாட்டு விலைக்குள்ளேயே அடக்கம் என்று பிரான்ஸில் 1967இலேயே அரசாணை போட்டுவிட்டார்கள். குடிதண்ணீர் இலவசமாகக் கிடைக்கும் என்று மெனுவிலோ பலகையிலோ எழுதி வைக்க வேண்டும் என்ற சட்டமும் 2022 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. "யூன் கராஃப் தோ, சில் வூ ப்ளே" என்று கேட்டால் போதும், கண்ணாடிக் குடுவையில் குழாய்த் தண்ணீர் வந்துவிடும். நீங்கள் வெறுமனே தண்ணீர் என்று கேட்டிருப்பீர்கள். சோடாவா, சோடா இல்லாததா என்று அவர் திருப்பிக் கேட்டிருப்பார். இரண்டில் எதைச் சொன்னாலும் மூடி போட்ட பாட்டில்தான் வரும். அதற்கு விலை உண்டு.

இந்த வித்தையை நம் ஊரில் நீங்கள் பார்த்ததே இல்லையா? ஏசி அறைக்குள் உட்கார்ந்ததும் முதல் கேள்வியே "மினரலா, சாதாவா சார்?" என்பதுதான். பிள்ளைகளோடு வந்திருக்கும் அப்பா ஒரு நொடி தயங்கி, பக்கத்து மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மினரலே கொடுங்க" என்பார். ஒருவர் வீட்டு மாதச் செலவை நாலு பேர் நடுவில் விசாரிக்கிற கேள்வி அது. பாட்டில் தண்ணீரைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் 'ஆசிரியருக்கு வேறு வேலை இல்லையா' என்று கடிதம் வருகிறது. வரட்டும். சாப்பிட வந்தவனுக்குத் தண்ணீரை விலைக்கு விற்கும் வழக்கத்தை என் பத்திரிகை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாது.

பாரிஸ் இந்த விஷயத்தில் பட்டுத் தெளிந்த ஊர். 1870-71இல் பிரஷ்யப் படை முற்றுகையிட்டது. அதைத் தொடர்ந்து, கம்யூன் என்று சொல்லும் பாரிஸ் மக்களின் எழுச்சி. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்கள் சேதமாகி, குடிதண்ணீர் விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. முற்றுகையின்போது ஊரைவிட்டு ஓடாமல் அங்கேயே தங்கியிருந்த ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் குடிக்கட்டும் என்று தன் சொந்தச் செலவில் தெருக்களில் குடிநீர் ஊற்றுகளை நிறுவ ஏற்பாடு செய்தார். முதல் ஊற்று 1872இல் திறந்தது. கரும்பச்சை வண்ண வார்ப்பிரும்பு. கருணை, எளிமை, ஈகை, நிதானம் என நாலு குணங்களுக்கு நாலு பெண் உருவங்கள். அவர்கள் தாங்கும் கூரைக்கு நடுவிலிருந்து நூலாக இறங்கும் தண்ணீர். குடிப்பதற்குச் சங்கிலியில் கட்டிய தகரக் குவளையும் இருந்தது. சுகாதாரக் காரணம் சொல்லி 1952இல் குவளைகளை எடுத்துவிட்டார்கள். தண்ணீரை எடுக்கவில்லை. இன்றைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட ஊற்றுகள் அந்த நகரத்தில் இருக்கின்றன. நீங்கள் ஒன்றிரண்டின் முன்னால் நின்று படமே எடுத்திருக்கலாம். அதில் பாட்டிலைப் பிடித்து நிரப்பிக்கொள்ளலாம் என்பதை நம்முடைய பயணக் கட்டுரையாளர்கள் எழுதவே மாட்டேன் என்கிறார்கள். ஈபிள் கோபுரத்துக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குகிறவர்கள் தாகத்துக்கு ஒரு வரி ஒதுக்கக் கூடாதா? இவர்களோடு எனக்கு இருக்கும் பழைய வழக்கு இன்னும் தீரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சேன் நதியின் வலது கரைக்கு ஒரு தனியார் கம்பெனி, இடது கரைக்கு இன்னொரு கம்பெனி என்று 25 ஆண்டுகள் குடிநீர் விநியோகத்தைக் கொடுத்து வைத்திருந்த நகரம் அது. 2010இல் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு மாநகராட்சியே பொறுப்பை எடுத்துக்கொண்டது. குடிநீரைத் தனியாரிடம் ஒப்படைக்கத் துடிக்கும் நம் மாநகராட்சிகள் படிக்க வேண்டிய பாடம் அங்கே இருக்கிறது.

மாநகராட்சியின் அந்தக் குடிநீர் நிறுவனம்தான் 2024 மார்ச்சில் பாரிஸ் சர்வர்களின் நடைப் பந்தயத்துக்கும் பணம் கொடுத்தது. 1914இல் தொடங்கிய பந்தயம். ஆதரிக்க ஆளில்லாமல் 13 ஆண்டுகள் நின்று போயிருந்தது. தட்டில் குரோசான் என்னும் பிறை வடிவ ரொட்டி ஒன்று, ஒரு கப் காபி, ஒரு டம்ளர் தண்ணீர். கறுப்பு வெள்ளைச் சீருடையில் 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஓடக் கூடாது. சிந்தாமல் போய்ச் சேர வேண்டும். சுமார் 200 பேர் கலந்துகொண்டார்கள். சர்வர் வேலை அங்கே கூலிக்குச் செய்யும் எடுபிடி வேலை அல்ல, கற்றுத் தேர்ந்த தொழில். உங்களை முறைத்தவர் சட்டைக்கு மேல் போட்டிருந்த கையில்லாத கோட்டுச் சட்டையைக் கவனித்தீர்களா? சின்னச் சின்னப் பைகளாக இருக்கும். ஒன்றில் சில்லறை, ஒன்றில் கார்க் திருகி, ஒன்றில் பேனா. பத்துப் பன்னிரண்டு மேசைகளை ஒரே ஆள் தலையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார். அவரைப் பார்த்துக் கைதட்டினால் முறைக்கத்தான் செய்வார். உள்ளே நுழையும்போதே 'போன்ஜூர்' என்று ஒரு வணக்கம், கூப்பிட வேண்டுமானால் கண்ணைப் பார்த்து 'மொஸ்யூ', அதாவது ஐயா. இதற்கு மேல் அவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

அந்த முறைப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1907 ஏப்ரலில் பாரிஸ் சர்வர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கைகளில் ஒன்று வார விடுமுறை, இன்னொன்று மீசை. வீட்டு வேலைக்காரன் மீசை வைக்கக் கூடாது என்பது அன்றைய பணக்காரர்களின் விதி. அதையே காபி ஓட்டல் முதலாளிகளும் சர்வர்கள் மேல் திணித்தார்கள். நான் உன் வீட்டு வேலைக்காரன் இல்லை என்று சொல்வதற்காகத் தெருவுக்கு வந்தவர்களின் வாரிசுகள் இவர்கள். நம் ஊரில் "ஏய் தம்பி, டேபிளைத் துடை" என்று அப்பன் வயதுக்காரரை விரட்டும் குரலை நான் தினமும் கேட்கிறேன். அதைப் பண்பாடு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. வாடிக்கையாளர் தெய்வம் என்ற வாசகத்தைக் கல்லாப்பெட்டிக்கு மேலே எழுதி மாட்டுகிற முதலாளி, அந்தத் தெய்வத்துக்கு முன்னால் நாள் முழுக்க நிற்பவனுக்கு உட்கார ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறாரா என்று அடுத்த முறை பாருங்கள்.

பில் ஏன் வரவில்லை என்றால், நீங்கள் கேட்கவில்லை. மேசையில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கும்வரை அது உங்கள் மேசை. கேட்காமல் பில்லை வைப்பது கிளம்பு என்று சொல்வதற்குச் சமம் என்று அங்கே நினைக்கிறார்கள். நாம் ரசத்துக்கு வரும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நின்று இலையை எட்டிப் பார்க்கிறதே, அந்த அவசரத்தில் பழகிய நமக்குத் தனியாக விடுவது புறக்கணிப்பாகத் தெரிகிறது. 4 மணி விஷயமும் இதே கதைதான். பகல் 12 முதல் 2, 2.30 வரை; மறுபடி இரவு 7, 7.30க்கு மேல். சமைத்தவர்களும் மனிதர்கள், நடுவில் சாப்பிட்டு ஓய்வெடுக்கிறார்கள். நாள் முழுக்க அடுப்பெரியும் பிராசரி என்ற வகை உணவகங்களும் உண்டு, வாசலிலேயே எழுதியிருக்கும்.

டிப்ஸ் கட்டாயமில்லை. மெனுவில் போட்டிருக்கும் விலையில் சேவைக் கட்டணமும் அடக்கமாக இருக்க வேண்டும் என்று 1987இல் ஆணையிட்டுவிட்டார்கள். பிடித்திருந்தால் ஒன்றிரண்டு யூரோ வைத்துவிட்டு வரலாம்.

ஆனால் பாரிஸோடு எனக்கும் ஒரு சண்டை இருக்கிறது. நீங்கள் பார்த்ததெல்லாம் முன்கட்டு. பின்கட்டில் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்திருந்தால் தமிழ் கேட்டிருக்கும். 1983 கலவரத்துக்குப் பிறகு பிரான்ஸுக்குப் போன ஈழத்தமிழர்கள் பலருக்கு முதல் வேலை கொடுத்தது உணவகச் சமையலறைதான். 'கோப்பை கழுவுறது' என்று அவர்கள் சொல்லும் அந்த வேலையில் கோப்பை மட்டும் இல்லை. தட்டு கழுவும் இயந்திரத்தைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் ஆவி, அதற்குள் போகாத பெரிய சட்டிகளின் அடியில் ஒட்டிய கரியைக் கையாலேயே சுரண்டும் பாடு, நடு இரவில் கடைசி மெத்ரோவைப் பிடிக்க ஓட்டம். அங்கிருந்து காய் நறுக்கி, அடுப்புக்கு வந்து, பிரெஞ்சுச் சமையலையே கற்றுத் தேர்ந்தவர்கள் ஏராளம். உங்கள் தட்டில் வந்த வாத்துக்கறி யாழ்ப்பாணத்துக் கை பட்டதாக இருந்திருக்கலாம். பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதிக்குப் போய்ப் புட்டும் கறியும் சாப்பிட்டீர்களா என்று தெரியவில்லை. போயிருந்தால் வார விடுப்பில் வந்து நிற்கும் அவர்களையே அங்கே பார்த்துப் பேசியிருக்கலாம்.

வாடிக்கையாளர் தரும் டிப்ஸை முதலாளி தொடக் கூடாது, முழுவதும் தொழிலாளிக்கே என்று பிரான்ஸ் 1933இல் சட்டம் போட்டது. நல்ல சட்டம். ஆனால் அது வாடிக்கையாளரோடு நேரில் பழகும் ஊழியருக்கு மட்டும் என்று வரையறுத்துவிட்டது. சட்டி கழுவுகிறவர் வாடிக்கையாளரின் கண்ணில் படுவதில்லை. அதனால் பங்கு கேட்கும் உரிமை அவருக்குச் சட்டத்தில் இல்லை. முன்கட்டுக்காரர்கள் மனமிரங்கிப் பிரித்துக் கொடுத்தால்தான் உண்டு. மீசைக்காகத் தெருவில் இறங்கிய சர்வர்களின் சங்கங்கள் இந்த வரம்பை நீக்கச் சொல்லி இறங்க வேண்டும். நீங்கள் அடுத்த முறை டிப்ஸ் வைக்கும்போது, சமையலறைக்கும் இதில் பங்கு போகுமா என்று அந்த மொஸ்யூவிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.